மந்திரித்த வகுப்பறை

விழுப்புரத்திலிருந்து திருவெண்ணெய்நல்லூர் போகிற வழியில் இருக்கும் ஊர்களில் 'ஆர்.சி. ஸ்கூல்' என்று சொன்னால் போதும், யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம் என்பது அதில் அஞ்சாவது வரை படித்த பலருக்கே தெரியாது. அவர்களுக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். கொஞ்சம் வயதானவர்கள் 'சாமியார் ஸ்கூல்' என்பார்கள். கன்னியர் நடத்துவதாக இருந்தால் 'மடத்து ஸ்கூல்'.

இந்தப் பதிவு அந்த மாதிரிப் பள்ளிகளில் நடக்கும் ஒரு சின்னச் சடங்கைப் பற்றியது. புது வகுப்பறை கட்டி முடித்ததும் பேராயரோ பங்குத்தந்தையோ வந்து 'மந்திரித்து'த் திறப்பார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வரும். இதில் எழுத என்ன இருக்கு என்று கேட்கலாம். தென்னார்க்காட்டில் யார் படிக்கலாம், யாரோடு உட்கார்ந்து படிக்கலாம், அந்தக் கட்டடம் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று பழைய வழக்குகளும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

முதலில் அந்தச் சொல். மந்திரிப்பு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் வீடு மந்திரிப்பார்கள், செபமாலை மந்திரிப்பார்கள், புது டிராக்டர் வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி மந்திரிக்கச் சொல்வார்கள். மந்திரித்த தண்ணீருக்குப் பெயர் தீர்த்தம். அடுத்த தெருவில் மாரியம்மன் கோயில் பூசாரி கயிறு மந்திரிக்கிறார், தர்காவில் தாயத்து மந்திரித்துத் தருகிறார்கள். மூன்று இடத்திலும் ஒரே வினைச்சொல். மந்திரம், தீர்த்தம், பிரசாதம் போன்ற சொற்களை, ஊரில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது இராபர்ட் தெ நொபிலியும் வீரமாமுனிவரும் வளர்த்த பழைய சேசு சபை மரபு. இப்போது அதிகாரபூர்வ நூல்களில் 'புனிதப்படுத்துதல்', 'ஆசி வழங்குதல்' என்று திருத்தமாக எழுதுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஊரில் அந்தச் சொற்கள் ஒட்டவில்லை. 'நாளைக்கு ஸ்கூல் மந்திரிக்கிறாங்க' என்றால் சர்ச்சுக்குள் காலெடுத்து வைக்காத அம்மாவுக்கும் விஷயம் புரிகிறது. புள்ளைங்க உட்காரப்போற இடம், நல்லது கெட்டது அண்டாமல் இருக்கணும். சொல் செய்கிற வேலை இது. சடங்குக்குள் வராதவர்களையும் சடங்கின் வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறது.

சடங்கு எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வாசலில் ரிப்பன். பக்கத்தில் துணி மூடிய கல்வெட்டு. அழைப்பிதழில் 'மந்திரித்துத் திறந்து வைப்பவர்', 'கல்வெட்டைத் திறந்து வைப்பவர்', 'குத்துவிளக்கு ஏற்றுபவர்' என்று ஆளுக்கொரு வரி. கடைசி இரண்டு வரிகளில் பெரும்பாலும் வட்டாரக் கல்வி அலுவலர், ஊராட்சித் தலைவர், கவுன்சிலர் ஆகியோரின் பெயர்கள். சாமியார் விவிலியத்திலிருந்து ஒரு பகுதி வாசிப்பார், மன்றாட்டு சொல்வார், பிறகு தீர்த்தத்தைச் சுவரிலும் கரும்பலகையிலும் பெஞ்சிலும் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போவார். பின்னாலேயே பிள்ளைகள் ஓடுவார்கள். மேலே தண்ணீர் படணும் என்று முண்டியடிப்பதில் மதம் பார்க்க முடியாது. குத்துவிளக்கின் உச்சியில் அன்னத்துக்குப் பதிலாகச் சிலுவை இருக்கும். கோயில் சடங்கில் அந்த விளக்குக்கும் ஆரத்திக்கும் இடம் கிடைத்த கதை பழையது இல்லை. 1969 ஏப்ரலில் இந்திய ஆயர்கள் கேட்டதன் பேரில் ரோமாபுரி பன்னிரண்டு உள்நாட்டு வழக்கங்களை வழிபாட்டில் அனுமதித்தது. ஆரத்தி, ஊதுவத்தி, விளக்கு எல்லாம் அந்தப் பட்டியல் வழியாக உள்ளே வந்தவை.

மந்திரிக்கும் மன்றாட்டுக்கும் தனி வரலாறு உண்டு. 1614-ல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் காலத்தில் வந்த உரோமைச் சடங்கு நூலை வைத்துத்தான் மூன்றரை நூற்றாண்டு காலம் உலகம் முழுக்க மந்திரித்தார்கள். வீட்டுக்கு ஒரு செபம், கிணற்றுக்கு ஒரு செபம், படகுக்கு ஒன்று. காலம் மாற மாற நூல் வீங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதைக்கும் தந்திக்கும்கூடச் செபம் சேர்த்தார்கள். புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்துக்கும் ஒரு செபம் இருந்தது. எல்லாமே லத்தீனில். பூசை உதவி செய்யும் பையன்கள் லத்தீன் பதில்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து உருப்போட்டதைத் தாத்தாக்கள் இன்றும் சொல்வார்கள். ஆக, தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுக்கக் கட்டிய அறையை, அங்கே ஒருத்தருக்கும் புரியாத மொழியில் மந்திரித்திருக்கிறார்கள். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகுதான் சாமியார் என்ன சொல்கிறார் என்பது பிள்ளைகள் காதில் விழ ஆரம்பித்தது.

மொழி மாற்றத்தை எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் 1984-ல் நடந்தது. அந்த வருஷம் வந்த புதிய ஆசியுரை நூலில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனிச் சடங்கு உண்டு. பழைய நூலின் கவனம் இடத்தின் மேல். தீயது விலகட்டும், இந்தச் சுவருக்குள் சமாதானம் தங்கட்டும் என்கிற போக்கு. புதிய நூலோ பொருளை மந்திரிப்பது அதைப் பயன்படுத்தும் மனிதரை முன்னிட்டுத்தான் என்று முன்னுரையிலேயே தெளிவாகச் சொல்கிறது. அங்கே கற்பிப்பவர்கள், கற்பவர்கள் மேல்தான் ஆசி. இது சாதாரண திருத்தம் இல்லை. சுவரை மந்திரித்தால் சுவரோடு முடிந்தது. ஆளை மந்திரித்தால், எந்த ஆள் என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு இந்த மண்ணில் எளிய பதில் கிடையாது.

திருவெண்ணெய்நல்லூர் எழுத்துக்குப் பஞ்சமில்லாத ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரத்தில் செய்தது இங்கே. கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல் இந்த ஊர்க்காரர் என்பது மரபு. அதற்கும் முன்னால் சுந்தரர் கதை. மணம்வந்த புத்தூரில் கல்யாணப் பந்தலுக்குள் புகுந்த கிழவர், 'உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இருக்கிறது' என்று மாப்பிள்ளையை இந்த ஊருக்கு இழுத்து வந்தார். சபை கூடி ஓலையைப் படித்தது, பாட்டனின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டது, அடிமைதான் என்று தீர்ப்புச் சொன்னது. கிருபாபுரீசுவரர் கோயிலில் இன்றும் வழக்குத் தீர்த்த மண்டபத்தைக் காட்டுகிறார்கள். பக்தி இலக்கியத்தில் இதைவிட நல்ல கோர்ட்டு சீன் இல்லை என்பேன். ஆனால் வரலாற்று மாணவனாக எனக்கு உறுத்துவது வேறு. ஒருவன் யாருக்குச் சொந்தம் என்பதை ஒரு ஓலை தீர்மானிக்கிறது, அந்த ஓலையைப் படிக்கத் தெரிந்தவர்கள் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவன் அந்தச் சபையில் என்ன செய்வான்?

படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ஜில்லா கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்து போன பதில், 875 பள்ளிகள். எல்லாம் திண்ணைப் பள்ளிகள்தான். மாணவர்கள் ஏறக்குறைய 10,500 பேர். தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983-ல் புத்தகமாக வெளியிட்ட பிறகு, 'பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் வருவதற்கு முன் ஊருக்கு ஊர் பள்ளி இருந்தது' என்று பலர் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார்கள். பெருமைப்படலாம், தப்பில்லை. பிராமணர் அல்லாத பிள்ளைகளே அதில் பெரும்பான்மை என்பதும் உண்மை. ஆனால் அதே பட்டியலில் பெண் பிள்ளைகள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஒரு முழு ஜில்லாவுக்கு! சேரிப் பிள்ளை திண்ணையில் ஏற முடியாது என்பதை எந்தப் பட்டியலும் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை, ஊருக்கே தெரியும்.

மிஷன் பள்ளி நுழைந்தது இந்த இடைவெளியில்தான். 1773-ல் பாப்பரசர் சேசு சபையைக் கலைத்ததும், 1776-ல் புதுச்சேரி மிஷன் பாரீஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள் கைக்கு வந்தது. தென்னார்க்காட்டின் ஆர்.சி. பள்ளிகளுக்கு வேர் அந்தச் சபைதான். 1844 தொடக்கத்தில் ஆயர் போனான் புதுச்சேரியில் ஒரு மாநாடு கூட்டினார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது, பள்ளிகளைத் திறப்பது இரண்டும் அதில் முக்கியம். அதே வருஷம் தூப்புயி சாமியார் உள்ளூர்ப் பெண்களை வைத்தே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார், பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகவே. படித்த பெண் என்றால் தேவதாசி என்று நினைத்த காலம். நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்ற எதிர்ப்பு இருந்தது. மேலே சொன்ன நூற்றுச் சொச்சத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

பட்டணத்தில் அப்படி. கிராமத்தில் பள்ளி என்பது தனிக் கட்டடமே இல்லை. பனையோலையோ விழலோ வேய்ந்த ஒரு கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை செபம், மற்ற நாளில் அரிச்சுவடி. இரண்டையும் நடத்துபவர் ஒரே ஆள், உபதேசியார். சாமியார் குதிரையிலோ மாட்டு வண்டியிலோ எப்போதாவது வருவார், வந்தால் அந்தக் கொட்டகையில்தான் பூசை. வகுப்பறையை ஏன் மந்திரிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. கோயிலாக இருந்ததால் மந்திரித்தார்கள். பின்னால் கோயில் கல்லால் எழும்பித் தனியாகப் போனது, பள்ளி கொட்டகையிலேயே தங்கியது. பல ஊர்களில் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஒரே காம்பவுண்டு என்பது அந்தப் பிரிவினையின் மிச்சம்.

1876-ல் வந்த தாதுவருஷப் பஞ்சம் எல்லாவற்றையும் வேகப்படுத்தியது. கஞ்சித் தொட்டியைத் தேடி வந்த கூட்டத்தில் பெரும்பகுதி சேரி மக்கள். செஞ்சிக்கு வடக்கே சேத்துப்பட்டில் இருந்த தாராஸ் சாமியார் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். சோற்றுக்காக வந்தார்களா, சுவிசேஷத்துக்காக வந்தார்களா என்ற சண்டை அன்றைக்கே இருந்தது, இன்றைக்கும் முகநூலில் நடக்கிறது. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் இல்லை. பசித்தவன் கேட்டது ஒன்று சோறு, இன்னொன்று மரியாதை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வசதியானவனால்தான் முடியும். வந்தவர்களுக்குப் பள்ளி வேண்டியிருந்தது என்பது மட்டும் நிச்சயம். 1893-ல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை போட்டபோது, களத்தில் ஏற்கெனவே பள்ளி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் மிஷன்காரர்கள்தான்.

ஆனால் பள்ளி திறந்த கைதான் கோயிலில் தடுப்பும் வைத்தது. இதைச் சொல்லாமல் மேலே போனால் அது வரலாறு ஆகாது. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், அந்த மக்கள் பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்டு அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் வருஷ நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைவாளுக்கு இடித்தது பிடிக்கவில்லை என்பதும் படித்தால் தெரியும். சுவர் போனாலும் கோடு போகவில்லை. இருநூற்று அறுபது வருஷம் கழித்து, 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று போராடினார்கள். காரணம் தெரிந்ததுதான், பொதுக் கோயிலில் சமமான இடம் இல்லை, சாவு ஊர்வலத்துக்குப் பொது வழி இல்லை. மார்ச் 9-ஆம் தேதி வன்னியர் கிறிஸ்தவர்களோடு மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே செபமாலை உருட்டுகிறவர்கள்.

இந்தப் பின்னணியில் வகுப்பறையைப் பாருங்கள். கோயிலில் யார் எங்கே உட்கார்வது என்பது பாட்டன் காலத்து வழக்கம் என்று சாதிக்கலாம். வகுப்பறையில் அந்த வாதம் ரொம்ப நாள் நிற்காது. வருகைப் பதிவேட்டில் அகர வரிசைப்படி பெயர், உயர வரிசைப்படி இடம். சேரிப் பிள்ளையைச் சேர்த்தால் என் பிள்ளையை நிறுத்திவிடுவேன் என்று ஊர்க்காரர்கள் மிரட்டிய கதை மிஷன் பள்ளி வரலாற்றில் நிறைய உண்டு, பணிந்து போன சாமியார்களும் உண்டு. ஆனாலும் அரசு மானியம் வாங்க ஆரம்பித்த பிறகு எல்லாருக்கும் திறந்த பள்ளி என்று காட்ட வேண்டிய கட்டாயம் மெதுவாக ஏறிக்கொண்டே வந்தது. கோயிலால் செய்ய முடியாத ஒன்றைக் கோயிலின் பள்ளி அரைகுறையாகவாவது செய்தது. தாளாளர் நாற்காலியில் உட்காரும்போது சாமியாருக்குக் கிடைக்கும் துணிச்சல் பீடத்தில் நிற்கும்போது கிடைப்பதில்லையோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மானியம் என்றேன். 1854-ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது, அடுத்த வருஷமே சென்னையில் கல்வித் துறை உண்டானது. தனியார் நடத்தும் பள்ளிக்கு அரசு பணம் கொடுக்கும் ஏற்பாடு அப்போது தொடங்கியது. அன்றிலிருந்தே கூட ஒரு கேள்வியும் வருகிறது. அரசு பணம் வாங்குகிற பள்ளியில், வேற்று மதத்துப் பிள்ளையை வேதபாட வகுப்பில் உட்கார வைக்கலாமா? இதற்கு முடிந்த பதில் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது. உதவி பெறும் பள்ளியில் நடத்தலாம், ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சின்னப் பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதனால்தான் ஆர்.சி. பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று மணி அடித்ததும் இரண்டாகப் பிரிவார்கள். சட்டப்படி பார்த்தால் மந்திரிப்பு நேரத்தில் தீர்த்தத்துக்கு முண்டியடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். நடைமுறையில் அவர்கள் வாசலில் நின்று, 'எம் புள்ள மேலயும் கொஞ்சம் தெளிங்க சாமி' என்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் இந்த வகைச் சம்மதத்தை யோசித்திருப்பார்களா தெரியாது. எனக்கு இது பெரிய மத நல்லிணக்கமாகவும் படவில்லை, மதமாற்றச் சதியாகவும் படவில்லை. பிள்ளைக்கு நல்லது என்றால் எங்கேயும் தலை நீட்டுகிற தாய்மாரின் பழைய புத்தி அது.

உதவி பெறும் பள்ளியின் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் விழாவின் அரசியல் புரியாது. வாத்தியார் சம்பளம் அரசு தருகிறது. பாடப் புத்தகம், சீருடை, மதியச் சத்துணவு எல்லாம் அரசு. 2024 ஜூலை 15 அன்று காலை உணவுத் திட்டத்தை ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு நீட்டித்தபோது, முதலமைச்சர் தொடங்கி வைத்த இடமே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. ஆனால் கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. ஓடு உடைந்தால், சுவர் விரிந்தால் சாமியார்தான் பணத்துக்கு அலைய வேண்டும். மறைமாவட்டம், சபை, முன்னாள் மாணவர்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள், எம்.பி. நிதி. கல்வெட்டில் அத்தனை பெயர் நெருக்கியடித்து இருப்பது இதனால்தான். பழைய கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டே போவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. அதில் சாமியார் பெயர், பேராயர் பெயர், நன்கொடையாளர் பெயர் எல்லாம் கிடைக்கும். கொத்தனார் பெயரும், முதல் நாள் அந்த அறையில் உட்கார்ந்த பிள்ளைகளின் பெயரும் கிடைக்காது.

கட்டடத்துக்கு உயிர் பற்றிய கணக்கும் உண்டு. 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுக் கூடத்திலிருந்து கிளம்பிய தீ மாடியில் இருந்த கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் கருகினார்கள். உதவி பெறும் தொடக்கப் பள்ளியும் சுயநிதிப் பள்ளியும் ஒரே கட்டடத்துக்குள் நெருக்கியடித்து நடந்த இடம் அது. அதற்கப்புறம்தான் பள்ளிகளில் கூரைக் கொட்டகை கூடாது என்று அரசு கண்டிப்பாகச் சொன்னது. உபதேசியார் காலத்துக் கொட்டகையின் ஆயுள் உண்மையில் முடிந்தது அந்த வருஷம் என்று சொல்லலாம். கட்டட உரிமம், உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று நாலு தாள் இல்லாமல் இப்போது பள்ளி நடத்த முடியாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஓர் உதவி பெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும் மறுபடி மாநிலம் முழுக்கச் சோதனை நடந்தது. நம்ம பக்கம் 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை கரை மீறி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, காங்கிரீட் போட்ட இரண்டு அறை என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டாம். சாமியார் தெளிக்கும் தீர்த்தத்துக்கு முன்னால் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும். இந்த வரிசை மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

இனி அந்த 1984 கேள்விக்கு வருவோம். மந்திரிக்கப்படும் ஆள் யார்?

பங்குத்தந்தையும் தாளாளரும் ஒரே ஆளாக இருக்கும் ஊரில், அவர் பொறுப்பில் இரண்டு பதிவேடுகள் இருக்கும். ஒன்று கோயிலில், ஞானஸ்நானப் பதிவேடு. இன்னொன்று பள்ளியில், சேர்க்கைப் பதிவேடு. இரண்டிலும் ஒரே பிள்ளை வேறு வேறு ஆளாக இருக்கலாம். 1950-ல் குடியரசுத் தலைவர் போட்ட பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் என்ற சான்று. அதனால் கோயிலில் ஒரு பெயரும் பள்ளியில் 'இந்து' என்ற குறிப்போடு இன்னொரு பெயருமாக வாழ்கிற குடும்பங்கள் இந்தப் பகுதியில் அபூர்வம் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அதை ஏமாற்று என்று சொல்பவர்கள், எறையூரில் அந்த மக்கள் எதற்காகப் போராடினார்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கோயிலுக்குள் போனால் சாதி இருக்கிறது என்று உட்கார வைக்கிற இடம் சொல்கிறது. தாலுகா ஆபீசுக்குப் போனால் உனக்குச் சாதி போய்விட்டது என்கிறார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022-லேயே முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்திருந்தது. திருவெண்ணெய்நல்லூர் சபையில் ஓலையை ஒப்பிட்டுப் பார்த்ததுபோல ஒரு பிள்ளையின் இரண்டு பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற அதிகாரி வரும் நாளில், அஞ்சாங் கிளாஸ் டி.சி.யில் ஹெட்மாஸ்டர் எழுதிய ஒரு வார்த்தைதான் அந்தக் குடும்பத்தின் தலைவிதி.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் கசப்பானது. 1991-க்குப் பிறகு தொடங்கிய பள்ளிகளுக்குத் தமிழ்நாடு அரசு புதிதாக மானியம் தருவதில்லை. ஆகவே உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளி என்றாலே பழைய பள்ளி. அதன் பக்கத்திலேயே, அதே காம்பவுண்டில், கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பள்ளி முளைத்திருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். காசு வருகிற பக்கம் டைல்ஸ் போட்ட அறையும் ஸ்மார்ட் போர்டும், காசு வராத பக்கம் பிரெஞ்சுச் சாமியார் காலத்து ஓட்டுக் கட்டடமும். நிர்வாகத்தைக் கேட்டால், 'அந்தப் பணம் வந்தால்தான் இதை ஓட்ட முடியும் தம்பி' என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஓட்டுக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், அதாவது இந்தப் பள்ளிகள் யாருக்காகத் தொடங்கப்பட்டனவோ அவர்களின் பேரப் பிள்ளைகள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி வேலியும், சில இடங்களில் வேறு வேறு கேட்டும் இருக்கும். சீருடையும் வேறு நிறம்.

அதனால் மந்திரிப்பு அழைப்பிதழ் கையில் கிடைத்தால், யார் குத்துவிளக்கு ஏற்றுகிறார் என்று நான் பார்ப்பதில்லை. கட்டிய அறை எந்தப் பிரிவுக்கு என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் கீழே சின்ன எழுத்தில். முதலில் அதைத் தேடிப் படிக்கிறேன்.